நைட்ஸ் ஆஃப் கொலம்பஸில் சேரலாமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நிதானமாகவே பேசலாம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் கைகுலுக்கி, நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் சபையின் படிவத்தைக் கொடுத்து, "எங்களோடு சேருங்கள்" என்றாராம். வீட்டுக்குப் போய்த் தேடியதும் வாளும் கறுப்பு மேலங்கியும் இறகு வைத்த தொப்பியுமாக நிற்கும் ஆண்களின் பழைய படங்கள் வந்தனவாம். "அண்ணா, இது ரகசியச் சங்கமா, இன்சூரன்ஸ் கம்பெனியா, பக்தி சபையா?" என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவுக்கு வந்து பங்குக் கோயிலில் பெயர் பதிந்துகொள்ளும் கத்தோலிக்க ஆண் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். மூன்றுக்கும் அதில் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் வாளிலிருந்து தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரத்துச் சாவு வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே புனித மரியா ஆலயத்தில் 1877 டிசம்பரில் உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தவர் மைக்கேல் மெக்கிவ்னி. வயது 25. அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்; அப்பா வாட்டர்பரி ஊரில் பித்தளை ஆலைத் தொழிலாளி. பதின்மூன்று பிள்ளைகளில் இவர் மூத்தவர். அவர்களில் ஆறு பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு கரண்டி செய்யும் ஆலைப் பிரிவில் வேலைக்குப் போனவர். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1873இல், அப்பா இறந்தார். மூத்த மகன் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்தார். ஹார்ட்ஃபோர்டு ஆயர் உதவியதால்தான் மறுபடி குருமடம் போய்க் குருவானவர். சம்பாதிக்கிறவன் போய்விட்ட வீடு எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர் வந்து சேர்ந்த பங்கும் லேசான பங்கு அல்ல. ஹில்ஹவுஸ் அவென்யூ என்ற பணக்காரத் தெருவில் ஐரிஷ் ஏழைகள் கட்டிய பெரிய கற்கோயில் அது; கழுத்துவரை கடன். 1879இல் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கோயிலைப் பற்றிச் செய்தி போட்டது, ஓர் உயர்குடித் தெருவின் அழகை ரோமன் கோயில் கெடுத்துவிட்டது என்ற தொனியில். கத்தோலிக்கர் என்றால் ஆலைக் கூலிகள், வேலைக்காரிகள், வந்தேறிகள். அவர்கள் ஞாயிறன்று நல்ல உடை போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பதே சிலருக்கு உறுத்தியது.

ஆலையில் விபத்து, நிமோனியா, காசநோய் என்று ஆண்கள் இளவயதில் செத்துக்கொண்டிருந்தார்கள். அரசு உதவித்தொகை என்ற பேச்சே கிடையாது. கணவன் போனால் சாப்பாடு போகும், வாடகை நிற்கும். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்டவேண்டி வரலாம். காட்ட முடியாவிட்டால் பிள்ளைகள் பிரிந்து ஆளுக்கொரு இடம் போவார்கள், உறவினர் வீட்டுக்கோ அநாதை இல்லத்துக்கோ. 1882 தொடக்கத்தில் டவுன்ஸ் என்ற குடும்பத்துக்கு அந்த நிலை வந்தது. தகப்பன் இறந்துவிட்டார், பதின்வயது மகன் ஆல்ஃபிரட்டுக்குச் சட்டப்படி பாதுகாவலர் வேண்டும். நீதிமன்றத்தில் எழுந்து அந்தப் பொறுப்பை ஏற்றவர் மெக்கிவ்னி சாமியார்தான். ஒரு பையனுக்கு ஒரு சாமியார் பாதுகாவலர் ஆகலாம். ஒரு பங்கில் இருக்கிற அத்தனை தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கும் ஆக முடியுமா? அவர் தொடங்கிய இந்தச் சபைதான் அந்தக் கேள்விக்கான பதில்.

1881 அக்டோபர் 2ஆம் தேதி கோயிலின் கீழ்த்தளத்தில் பங்கு ஆண்கள் சிலரைக் கூட்டினார். பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும் போய் அங்கிருந்த கத்தோலிக்க உதவிச் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்றும் விசாரித்தார். 1882 மார்ச் 29 அன்று கனெக்டிகட் சட்டமன்றத்தில் சபை பதிவானது. ஏற்பாடு மிக எளிது: உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் போடுவார்கள், அது அந்த மனைவி கைக்குப் போகும், 1,000 டாலர்வரை. நம் யாழ்ப்பாணத்து ஊர்களில் மரணாதாரச் சங்கம் வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்தவருக்கு இது உடனே புரியும். சாவு விழுந்த வீட்டுக்கு ஊர் சேர்ந்து காசு கொண்டுபோவதை, அழுதபிறகு யோசிக்காமல் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது.

தலைக்கு ஒரு டாலர் முறையில் ஒரு கோளாறு உண்டு. இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஒரே தொகை கட்டுவார்கள். உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏறச் சாவு கூடும், வசூல் கூடும், 'நான் ஏன் கட்டவேண்டும்' என்று இளைஞர்கள் விலகுவார்கள், மிஞ்சிய கிழவர்கள் தலையில் பாரம் விழும். அந்தக் காலத்து உதவிச் சங்கங்கள் பல இப்படித்தான் கவிழ்ந்தன. இவர்கள் பின்னாளில் வயதைக் கணக்கிட்டுத் தொகை வாங்கும் முறைக்கு மாறினார்கள், தப்பித்தார்கள். இன்று அந்த இன்சூரன்ஸ் 10,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பாலிசிகள் கொண்ட பெரிய நிறுவனம். நியூ ஹேவனில் நான்கு உருளைத் தூண்களுக்கு நடுவே 23 மாடியாக நிற்கும் தலைமையகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, அது ஒரு கோயிலின் கீழ்த்தளத்தில் தொடங்கியது என்று நம்புவது கடினம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சேருவதற்குப் பாலிசி எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சேர்ந்தபிறகு அவர்களுடைய ஏஜென்ட் உங்களைக் கூப்பிடுவார், வீட்டுக்கும் வருவதாகச் சொல்வார். வேண்டுமென்றால் கேளுங்கள், மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, வாளுக்கும் ரகசியத்துக்கும் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆண்கள் கூடுவது என்றாலே சங்கம், சடங்கு, படிநிலை, கடவுச்சொல்தான். மேசன்கள், ஆட்ஃபெலோக்கள் என்று எத்தனையோ. தொழில் தொடர்பு, நட்பு, நோய்க்கும் சாவுக்கும் உதவி எல்லாம் அந்தக் கதவுக்குள்தான் கிடைத்தன. கத்தோலிக்கருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது: ஃப்ரீமேசன் சங்கத்தில் சேரக் கூடாது என்று 1738இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் தடை போட்டிருந்தார். சேர்ந்தால் திருச்சபையை விட்டு விலகவேண்டும். சேராவிட்டால் ஊரோடு ஒட்ட முடியாது. மெக்கிவ்னி செய்தது, அந்த இளைஞர்கள் தேடிப் போனதைத் திருச்சபைக்குள்ளேயே அமைத்துக் கொடுத்தது. சடங்கு இருக்கும், படிகள் இருக்கும், சகோதரர் என்ற அழைப்பு இருக்கும். மதத்தைக் கைவிட வேண்டியதில்லை.

'நைட்ஸ்' என்ற சொல்லைக் கொடுத்தவர் ஜேம்ஸ் முல்லன், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், சபையின் முதல் தலைவர். கொலம்பஸ் பெயர் ஏன்? 'நீங்கள் அந்நியர்கள்' என்று சொன்னவர்களுக்குப் பதில் அது. உங்கள் நாட்டைக் கண்டுபிடித்தவரே ஒரு கத்தோலிக்கர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஐரிஷ்காரர்களுக்கு ஓர் இத்தாலியர் தேவைப்பட்டார். இன்று அந்தப் பெயர் கனக்கிறது. கொலம்பஸின் வருகை இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு என்ன செய்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். நியூ ஹேவனின் வூஸ்டர் சதுக்கத்தில் இருந்த அவர் சிலையையே 2020 ஜூனில் அகற்றினார்கள். பெயர் உங்களுக்கு உறுத்தினால் அது நியாயமான உறுத்தல்தான். எனக்கும் உண்டு. 1882இல் அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரையும் அடக்க நினைத்து வைக்கவில்லை, தாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று சொல்லவே வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கதவை மூடிக்கொள்ளும் பழக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. புது ஆளைச் சேர்க்கலாமா என்று கவுன்சிலில், அதாவது சபையின் உள்ளூர்க் கிளையில், ரகசிய வாக்கெடுப்பு நடக்கும், வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை. ஐந்து கறுப்பு விழுந்தால் போதும், அவர் வெளியே. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு கறுப்பினக் கத்தோலிக்கரை 1963இல் சிகாகோவில் இப்படித்தான் தள்ளினார்கள். அந்தக் கவுன்சிலின் அலுவலர்கள் சிலர் வெட்கப்பட்டுப் பதவியை விட்டார்கள். செய்தி நாடெங்கும் போனது. அடுத்த ஆண்டே விதி மாறியது: வாக்களித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால்தான் மறுக்கலாம். 1972இல் அது பெரும்பான்மை ஆனது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1909இல், அலபாமா மாநிலம் மொபைல் நகரில் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் பீட்டர் கிளேவர் பெயரில் தங்களுக்கென்று ஒரு சபை தொடங்கவேண்டி வந்தது. அந்தச் சபை இன்றும் நடக்கிறது. தோல் நிறத்தைப் பார்த்தும் சாதியைப் பார்த்தும் கோயிலுக்குள்ளேயே ஆளைப் பிரித்தது நமக்குத் தெரியாத கதை இல்லையே. அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

இதே சபைதான் மறுபக்கம் வெறுப்பையும் வாங்கிக்கொண்டது. நாலாம் படி உறுப்பினர்கள் புராட்டஸ்டண்டுகளைக் கொல்லச் சத்தியம் செய்கிறார்கள் என்று ஒரு பொய்ச் சத்தியத்தை 1912 வாக்கில் அச்சடித்து நாடெங்கும் விநியோகித்தார்கள். குழந்தைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்று ஒரிகான் மாநிலம் 1922இல் சட்டம் போட்டபோது, பின்னால் நின்று தள்ளியவர்களில் கு கிளக்ஸ் கிளானும் உண்டு. குறி கத்தோலிக்கப் பள்ளிகள். கன்னியர்கள் தொடுத்த வழக்குக்கு நைட்ஸ் பணம் கொடுத்தார்கள். 1925இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது பெற்றோர் உரிமை என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு அது.

இனி, சேரும் வழி. 18 வயது நிறைந்த ஆணாக இருக்கவேண்டும். ரோமோடு ஒன்றித்த கத்தோலிக்கராக, அதைக் கடைப்பிடித்து வாழ்கிறவராக இருக்கவேண்டும். நம் சீரோ மலபார் நண்பர்களும் சேரலாம், அவர்களும் ரோமோடு ஒன்றித்தவர்களே. முன்பெல்லாம் உறுப்பினர் ஒருவர் அழைத்தால்தான் வழி. இப்போது இணையத்திலேயே சேரலாம். பிறகு உங்கள் பங்கின் கவுன்சிலுக்கு மாறிக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பெரும்பாலும் குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும்.

மூன்று படிகள்: தர்மம், ஒற்றுமை, சகோதரத்துவம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சடங்கு, அதுவும் வெளியாருக்கு ரகசியம் என்று நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 2020 முதல் மூன்றையும் ஒரே சடங்காக்கி, கோயிலிலேயே, மனைவி பிள்ளைகள் முன்னால் நடத்துகிறார்கள். எனவே 'ரகசியச் சங்கமா' என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கையில் ஒரு ஜெபமாலை தருவார்கள். நாலாவது படி நாட்டுப்பற்று, 1900இல் வந்தது, விருப்பம் இருந்தால் மட்டும். அந்த வாள் இவர்களுடையதுதான். நீங்கள் பார்த்த இறகுத் தொப்பியையும் மேலங்கியையும் 2017இல் மாற்ற முடிவெடுத்து, இப்போது பெரே தொப்பியும் நீலக் கோட்டும்தான். பழைய உறுப்பினர்கள் சிலருக்கு அதில் இன்னும் மனக்குறை உண்டு. உறுப்பினர் இறந்தால் சவப்பெட்டிக்கு இருபுறமும் இவர்கள் மரியாதைக் காவலாக நிற்பார்கள்.

கவுன்சில் தலைவரை 'கிராண்ட் நைட்' என்பார்கள். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். அநேகமாக அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ பிளம்பராகவோ இருப்பார், வெள்ளிக்கிழமை மாலை சமையலறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சி தவிர்க்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அன்றைக்குப் பங்கு மண்டபத்தில் மீன் வறுத்து விற்பது இவர்கள் வேலை. காட் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் முட்டைக்கோஸ் சாலடும் ஊரில் கத்தோலிக்கர் அல்லாதவர்களைக்கூட வரிசையில் நிற்க வைத்துவிடும். மஞ்சள் மேலங்கி போட்டுக் கடை வாசலில் நின்று டூட்ஸி ரோல் மிட்டாய் கொடுத்து அறிவுவளர்ச்சிக் குறையுள்ளவர்களுக்காக நிதி திரட்டுவார்கள். குளிர்காலம் வந்தால் ஏழைப் பிள்ளைகளுக்குப் புதுக் கோட்டு. சக்கர நாற்காலி, ரத்ததானம், கோயில் கூரை ஒழுகினால் ஏணி. பெரிய இடத்துப் பணிகளும் உண்டு: ரோமில் புனித பேதுரு பேராலயத்துப் பீடத்தின் மேல் நிற்கும் பெர்னினியின் வெண்கல விதானத்தை 2024இல் புதுப்பித்த செலவு இவர்களுடையது. எனக்கு அந்த விதானத்தைவிடக் குளிர்கோட்டுதான் பெரிது.

மறைக்காமல் சொல்லவேண்டிய இன்னொன்று, அரசியல். அமெரிக்கத் தேசிய உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954இல் சேர்ந்ததற்கு இவர்கள் செய்த முயற்சி பெரிய காரணம். கருக்கலைப்பை எதிர்ப்பதில் முன்னணியில் நிற்பவர்கள். கர்ப்பிணிகளுக்கு உதவும் மையங்களுக்கு ஸ்கேன் கருவி வாங்கித் தரும் திட்டத்தை 2009இல் தொடங்கி ஆயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டார்கள், உள்ளூர்க் கவுன்சில் பாதிப் பணம் திரட்டினால் தலைமையகம் மறுபாதி போடும். 2008இல் கலிஃபோர்னியாவில் ஒரேபாலினத் திருமணத்துக்குத் தடை கேட்ட வாக்கெடுப்புப் பிரசாரத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். திருச்சபைப் போதனையை ஏற்பவர்களிலேயே, சபைப் பணம் தேர்தல் பிரசாரத்துக்குப் போவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்ந்தபிறகு தெரிந்து முகம் சுளிப்பதைவிட இப்போதே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

"ஊரில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதே அண்ணா, அது போதாதா?" என்றீர்கள். போதும் தம்பி, தாராளமாகப் போதும். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது, நம் பங்குகளில் ஏழை வீடுகளின் கதவைத் தட்டிப் போகிறது. அமெரிக்கப் பங்குகளிலும் அது உண்டு. ஆண், பெண் இருபாலரும் சேரலாம். அதில் இருக்கிறவர் வெளியே இருக்கும் ஏழையைத் தேடிப் போகிறார். நைட்ஸில் இருக்கிறவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வாக்குக் கொடுக்கிறார்கள், பிறகு வெளியே போகிறார்கள். அந்த முதல் வாக்குத்தான் உங்களைப் போல உறவை விட்டு ஏழு கடல் தாண்டி வந்தவர்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். ஊரில் பூசை நேரத்தில் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பழகிய ஆண்கள் நாம். பங்கில் ஆண்களுக்குள் நட்பு தானாக வராது; சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். நடுராத்திரியில் மனைவிக்குப் பிரசவ வலி வந்து, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிக்கும்போது, போன வாரம் உங்களோடு உருளைக்கிழங்கு உரித்தவர் வீட்டுக் கதவை நீங்கள் தட்டுவீர்கள்.

எல்லாக் கவுன்சிலும் அப்படி இருக்காது. சில கவுன்சில்கள் கூட்டக் குறிப்பு வாசித்து, தீர்மானம் போட்டு, காப்பி குடித்துக் கலைந்துவிடும். சிலவற்றில் எல்லோருக்கும் எழுபது வயது, இளைஞர்கள் வந்தால் சந்தோஷப்படுவார்கள், வேலையை மட்டும் விட்டுத்தர மாட்டார்கள். எனவே படிவத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். தலைமையகம் எவ்வளவு பெரியது, உறுப்பினர் பட்டியலில் ஜான் எஃப். கென்னடி இருந்தாரா, பேஸ்பால் வீரர் பேப் ரூத் இருந்தாரா என்பதெல்லாம் (இருவரும் இருந்தார்கள்) உங்களுக்கு உதவாது. மெக்கிவ்னி சாமியார் 1890இல் 38 வயதில் நிமோனியாவில் இறந்தார், 2020 அக்டோபர் 31இல் அருளாளர் ஆனார். அவர் தொடங்கிய வேலை உங்கள் பங்கில் நடக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

அடுத்த முறை மண்டபத்தில் அவர்கள் சமைக்கும் நாளில் ஒருமணி நேரம் முன்னதாகப் போங்கள். கைகழுவிவிட்டு ஒரு வேலை கேளுங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், புதிதாக வந்தவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பாத்திரம் கழுவும் நேரத்தில் கிராண்ட் நைட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போன வருடம் உங்கள் கவுன்சிலில் யாராவது இறந்தார்களா? அவர் மனைவி இப்போது எப்படி இருக்கிறார்?" அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம், பனி கொட்டினால் வாசலை யார் வாருகிறார்கள், மூத்த பிள்ளை எந்தக் கல்லூரி என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். ஆண்டு அறிக்கையைத் தேட ஆரம்பித்தால், மீனைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பக்கத்துப் பங்கிலும் ஒரு கவுன்சில் இருக்கும், அங்கேயும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். நானும் கூட வருகிறேன்.